இல்லத்து முதியோரும் நாட்பட்ட நோய்களும்: ‘உழைச்செல்வான்’ என்னும் நான்காம் உறுப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவம் என்பது நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்னும் நான்கு உறுப்புகளை உடையது எனத் திருக்குறள் வகுக்கிறது. முதுமையில் தோன்றும் நாட்பட்ட நோய்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் அன்றி இல்லத்திலேயே கழிவன. ஆதலின் அவற்றைப் பொறுத்தவரை நான்காம் உறுப்பே அன்றாடம் இயங்கும் உறுப்பாகிறது. எனினும் மருத்துவ நிறுவனங்களின் வளர்ச்சியில் மிகத் தாமதமாகக் கருத்திற் கொள்ளப்பட்டதும் அவ்வுறுப்பே. சங்கப் பாடல்கள், சோழர் காலக் கல்வெட்டு, 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் நிகழ்ந்த கள ஆய்வுகள், சென்னையில் முதியோர் மருத்துவம் தனித்துறையாக உருவானமை, அண்மைக்கால அரசுத் திட்டங்கள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முதுமை, நாட்பட்ட நோய், இல்லப் பராமரிப்பு, உழைச்செல்வான், முதியோர் மருத்துவம், ஆதுலர்சாலை

முன்னுரை

முதுமையும் நோயும் ஒன்றல்ல. ஆயினும் ஆண்டுகள் ஏற ஏறக் குருதி மிகு அழுத்தம், நீரிழிவு, மூட்டுத் தேய்வு, கண்புரை, செவிக்குறை, மறதி நோய் முதலியன ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. இவற்றுட் பல முற்றும் தீர்வன அல்ல. கட்டுக்குள் வைக்கத்தக்கன மட்டுமே. கட்டுக்குள் வைத்தல் என்பது மருத்துவர் ஒருநாள் செய்து முடிக்கும் செயலன்று. வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தல், உப்பும் இனிப்பும் அளவறிந்து சமைத்தல், காலில் புண் உண்டா எனப் பார்த்தல், இரவில் கழிப்பறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லல் எனப் பல சிறு செயல்களின் தொகுதி அது. மாதம் ஒருமுறை மருத்துவரைக் காணும் முதியவருக்கு ஏனைய நாள்களெல்லாம் இல்லத்திலேயே கழிகின்றன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர். இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு. முதியோர் பெருகிவரும் சமூகத்தில் இல்லத்துள் நிகழும் இப்பணியை யார் செய்து வந்தனர், அது எப்போது மருத்துவத்தின் பகுதியாக எண்ணப்பட்டது, எப்போது எண்ணப்படாமல் விடப்பட்டது என்னும் வினாக்கள் வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கன.

குறள் கூறும் நான்கு உறுப்புகள்

பொருட்பாலில் அமைந்த ‘மருந்து’ அதிகாரத்தின் (95) பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியது. இறுதி மூன்று குறள்களே மருத்துவரின் செயலையும் மருத்துவத்தின் கூறுகளையும் பேசுகின்றன. அவற்றுள் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்து, நான்காவதை ‘உழைச்செல்வான்’ எனச் சுட்டுகிறது. உழை என்பது பக்கம், இடம் எனப் பொருள்படும். நோயாளியின் பக்கத்தே நின்று செயற்படுபவர் என்பது சொல்லின் நேர்ப்பொருள். பரிமேலழகர் இதனை மருந்தைப் பிழையின்றி இயற்றுபவர் என விளக்குகிறார். அவ்வாறு இயற்றுபவருக்கு வேண்டிய பண்புகளுள் நோயாளியிடத்து அன்புடைமையையும், சொல்லியவாறே செய்தலையும் அவர் சேர்க்கிறார்.

நோயாளிக்கு உரியனவாகப் பரிமேலழகர் கூறுவனவற்றுள் ‘நோய்நிலை உணர்த்தல்’ என்பதும் ஒன்று. தன் உடலில் நிகழ்வதை மருத்துவர்க்கு எடுத்துரைத்தல் நோயாளியின் கடமை என்பது இதன் கருத்து. முதியோர் பலர் இக்கடமையைச் செய்ய இயலாதவராகவோ, செய்ய விரும்பாதவராகவோ இருப்பதே பின்னாளில் முதியோர் மருத்துவம் எதிர்கொண்ட முதற் சிக்கல் ஆயிற்று. அந்நிலையில் நோயாளியின் பணியையும் அருகிருப்பவரே ஏற்க நேர்கிறது. எனவே நான்கு உறுப்புகளும் சமமாகக் கூறப்பட்டிருப்பினும், நாட்பட்ட நோயில் நான்காம் உறுப்பின் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

சங்கப் பாடல்களில் இல்லத்து முதுமை

முதுமையின் உடல்நிலையைச் சங்கப் பாடல்கள் மிகைப்படுத்தாமல் பதிவு செய்துள்ளன. புறநானூற்றின் 243ஆம் பாடல் முதியவர் ஒருவரின் கூற்றாக அமைந்தது. ஆழமான மடுவில் குதித்து அடிமணலை எடுத்துவந்து காட்டிய இளமையை நினைந்து இரங்கும் அவர், இப்போது தண்டூன்றி, நடுங்கி, இருமலுக்கு இடையே சில சொற்களே பேசக்கூடிய நிலையில் இருக்கிறார். இப்பாடலைப் பாடியவர் பெயரே அப்பாடலின் தொடரால் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கிற்று. நடை தளர்தல், நடுக்கம், நீங்காத இருமல், பேச்சுக் குறைதல் என்னும் நான்கும் இன்றைய மருத்துவரும் குறித்துக்கொள்ளத்தக்க அறிகுறிகளே.

இல்லத்தைவிட்டு வெளிவர இயலாத முதுமைக்குப் புறநானூற்றின் 159ஆம் பாடல் சிறந்த சான்று. குமணனை நோக்கிப் பெருஞ்சித்திரனார் பாடிய அப்பாடலில் புலவரின் தாய் இடம்பெறுகிறார். வாழ்நாள் நீண்டும் உயிர் நீங்கவில்லையே என வெறுத்துக் கூறுபவர். கோலே காலாகச் சிற்றடி வைத்து நடப்பவர். நரைத்த கூந்தலும் மங்கிய பார்வையும் உடையவர். வீட்டின் முற்றத்துக்கும் செல்ல இயலாதவர். அடுத்த அடிகளில் புலவரின் மனைவி வருகிறார். குழந்தைகள் பலரைச் சுமந்து தளர்ந்த அவர், குப்பைமேட்டில் முளைத்த கீரைத் தளிரைக் கொய்து, உப்பும் மோரும் இன்றி வேகவைத்து உண்கிறார்.

மாமியாரை மருமகள் பேணினார் எனப் பாடல் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆயினும் முற்றம் கடக்க இயலாத முதியவரும், உணவின்றி மெலிந்த இளையவரும் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. முதியவரின் துன்பம் தனித்த ஒன்றன்று. அது அவ்வில்லத்தின் வறுமையோடும் பிற பெண்ணின் உடல்நலத்தோடும் பிணைந்தது என்பதைப் புலவர் உணர்த்துகிறார். பரிசில் வேண்டும்போது இருவருக்காகவும் வேண்டுகிறார்.

கல்வெட்டில் ஊதியம் பெற்ற பணியாளர்

காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயிலோடு இணைந்த கல்விச்சாலையையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் அது விவரிக்கிறது. அங்கு மருத்துவர் ஒருவரும், அறுவை செய்பவர் ஒருவரும், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து ஆக்குவோர் இருவரும், நோயாளர்க்குப் பணிபுரியும் பெண்கள் இருவரும், நாவிதரும், நீர் கொணர்பவரும் நியமிக்கப்பட்டிருந்தனர். இவர்களுக்கு நெல்லும் காசும் ஊதியமாக ஒதுக்கப்பட்டன. இரவில் விளக்கெரியவும் எண்ணெய் வழங்கப்பட்டது.

இக்கல்வெட்டு பெரும்பாலும் மருந்துகளின் பட்டியலுக்காகவே ஆராயப்பட்டு வந்துள்ளது. இங்கு வேறொன்றும் நோக்கத்தக்கது. குறளின் நான்கு உறுப்புகளும் இங்கே செலவுக் கணக்கில் இடம்பெற்றுள்ளன. அருகிருந்து பணிபுரிந்த பெண்களின் உழைப்பு மருத்துவரின் உழைப்பைப் போலவே எண்ணப்பட்டு ஊதியம் பெற்றுள்ளது. ஆயினும் இவ்வேற்பாடு கோயிற் பணியாளர்க்கும் கல்விச்சாலையினர்க்கும் உரியது. ஊரில் தத்தம் இல்லங்களில் நோயுற்றுக் கிடந்த முதியோர் அதன் எல்லைக்குள் வரவில்லை.

காலனியக் காலத்தில் சென்னையில் எழுந்த நிறுவனங்களும் இல்லத்துக்கு வெளியே இருந்தோரையே நோக்கின. 1782இல் பஞ்சத்தின்போது தோன்றிய கஞ்சித்தொட்டி மணியக்காரர் சத்திரமாக வளர்ந்து, ஆதரவற்றோர்க்கும் நோயுற்றோர்க்கும் புகலிடமாயிற்று. அதன் தொடர்ச்சியாகவே பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவமனை உருவானது. அம்மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டு மருத்துவர் மோ. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பஞ்சத்தில் கஞ்சி வார்த்த இடத்தில், உணவை அளந்து உண்ணக் கற்பிக்கும் மருத்துவம் வேரூன்றியது. நீரிழிவு மருத்துவத்தின் வெற்றி நோயாளி வீடு திரும்பிய பின்னரே தொடங்குகிறது. உணவு, ஊசி, மாத்திரை ஆகிய மூன்றும் இல்லத்தாரின் கையில்தான் உள்ளன. ஆனால் அவ்வில்லத்துள் நிகழ்வதை அறியும் முறை அன்று உருவாகவில்லை. அம்முறை முதலில் விரிவாக முயலப்பட்ட நாடுகளுள் ஒன்று பிரிட்டன். பின்னாளில் சென்னையின் முதியோர் மருத்துவத்துக்கு வித்திட்ட பயிற்சியும் அங்கிருந்தே வந்ததால், அந்நாட்டு வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும்.

பிரிட்டனில் இல்லத்துள் நுழைந்த ஆய்வு

1935இல் இலண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மார்ஜரி வாரன், அருகிலிருந்த ஏழையர் காப்பகத்தின் நோயாளர் பிரிவை ஏற்கும் பொறுப்பைப் பெற்றார். அங்கு 700க்கும் மேற்பட்ட படுக்கைகளில் நாட்பட்ட நோயாளர் கிடந்தனர். தீராத நோயினர் என ஒதுக்கப்பட்ட அவர்களை அவர் ஒவ்வொருவராக ஆராய்ந்தார். பலருக்கு உரிய மருத்துவமும் நடைப்பயிற்சியும் அளித்து எழுந்து நடமாடச் செய்தார்; சிலரை இல்லம் திரும்பச் செய்தார். படுக்கையே நோயை வளர்க்கிறது என்னும் உண்மையை 1940களில் தம் கட்டுரைகள் வாயிலாக அவர் நிறுவினார்.

மருத்துவமனையில் இருந்தோர் நிலை அதுவாயின், இல்லத்தில் இருந்தோர் நிலை யாது? உல்வர்ஹாம்ப்டன் நகர மருத்துவர் ஜே. எச். ஷெல்டன் இவ்வினாவை எழுப்பினார். நானூற்றுக்கும் மேற்பட்ட முதியோரை அவரவர் இல்லத்திலேயே ஆய்ந்து, 1948இல் ‘முதுமையின் சமூக மருத்துவம்’ எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். மருத்துவமனைக்கு வரும் முதியோரை மட்டும் கண்டு முதுமையை அளவிடுதல் பிழை என்பதை அந்நூல் காட்டிற்று. தலைச்சுற்றல், தடுமாறி விழுதல், பாதத் துன்பம், இருட்டில் நடக்க அஞ்சுதல் போன்றவை பரவலாகக் காணப்பட்டன. அவற்றைவிட முதன்மையான மற்றொரு முடிவும் கிடைத்தது. நோயுற்ற முதியோரின் பராமரிப்பைப் பெருமளவு சுமந்தவர்கள் மனைவியரும் மகளிருமே. அச்சுமை அவர்களின் உடல்நலத்தையும் வாழ்வையும் பாதித்தது. பெருஞ்சித்திரனார் ஒரு பாடலில் அடுத்தடுத்து வைத்த இருவரும் இங்கே ஓர் ஆய்வின் முடிவாக வெளிப்பட்டனர்.

1964இல் வில்லியம்சனும் அவர்தம் குழுவினரும் எடின்பரோப் பகுதியில் 200 முதியோரை ஆராய்ந்தனர். இம்முதியோர் அனைவரும் தமக்கெனக் குடும்ப மருத்துவரைக் கொண்டிருந்தவர்கள். கட்டணமின்றி மருத்துவம் பெறத்தக்கவர்கள். அவ்வாறிருந்தும் அவர்களுக்கு இருந்த குறைபாடுகளுள் பெரும்பகுதி மருத்துவர்க்குத் தெரிந்திருக்கவில்லை. இதய நோயும் நுரையீரல் நோயும் பெரும்பாலும் அறியப்பட்டிருந்தன. மூட்டு, பாதம், சிறுநீர் அடக்கமின்மை, மனச்சோர்வு, மறதி ஆகியன அறியப்படாமல் இருந்தன. முதியோர் இவற்றை நோயெனக் கருதவில்லை. வயதின் இயல்பு எனப் பொறுத்துக்கொண்டனர். சிலவற்றைக் கூற நாணினர். பரிமேலழகர் நோயாளியின் பண்பாகக் கூறிய ‘நோய்நிலை உணர்த்தல்’ இங்கே நிகழவில்லை. இலவச மருத்துவம் இருந்தால் மட்டும் போதாது, முதியவரைத் தேடிச் செல்லும் மருத்துவம் வேண்டும் என்பதே இவ்வாய்வு தந்த பாடம்.

சென்னையில் முதியோர் மருத்துவம்

பிரிட்டனில் முதியோர் மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பிய மருத்துவர் வ. செ. நடராசன், 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் இதுவே. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பும் தொடங்கப்பட்டது. தமிழில் பல நூல்களை எழுதி முதுமை நோய்கள் பற்றிய அறிவை இல்லத்தார்க்கு எடுத்துச் சென்றமை நடராசனின் தனிச்சிறப்பு. மருத்துவ அறிவு இல்லத்தாரிடம் இருக்க வேண்டும் என்னும் உணர்வே அதற்கு அடிப்படை.

இதே காலத்தில் அரசின் உதவி வேறொரு வழியில் வந்தது. தமிழ்நாட்டில் 1962இல் முதியோர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. 1995இல் தேசிய சமூக உதவித் திட்டமும், 1999இல் முதியோர்க்கான தேசியக் கொள்கையும் வந்தன. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் பேணுதலைச் சட்டக் கடமையாக்கிற்று. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிடலாம் என்பது அச்சட்டத்தின் வழிவகை.

இச்சட்டம் கைவிடப்பட்ட பெற்றோர்க்குப் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அது பராமரிப்பைப் பணத்தால் அளக்கிறது. கைவிடாமல் பேணும் இல்லத்தில் பேணுபவர் யார், அவருக்குப் பயிற்சி உண்டா, ஓய்வு உண்டா என்னும் வினாக்கள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. தொகை செலுத்தும் கடமை மகனுக்கு உரியதாகவும், உடலைத் தூக்கித் துடைக்கும் உழைப்பு மருமகளுக்கு உரியதாகவும் அமைவது இல்லங்களில் அரிதன்று.

மருத்துவம் இல்லம் தேடி வருதல்

2010–11இல் தொடங்கப்பட்ட முதியோர் நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம், படுக்கையில் இருக்கும் முதியோரை நலப்பணியாளர் இல்லத்திற்கே சென்று காணுதலையும், பேணும் குடும்பத்தினர்க்குப் பயிற்சி அளித்தலையும் தன் நோக்கங்களுள் சேர்த்தது. இதற்கு முன்னரே கேரளத்தில் ஒரு முன்மாதிரி வளர்ந்திருந்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் தணிப்புப் பராமரிப்பு இயக்கம், அயலாரைத் தன்னார்வலராகப் பயிற்றுவித்து இல்லம் சென்று பணிபுரியச் செய்தது. 2008இல் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. உழைச்செல்வான் குடும்பத்தினராகவே இருக்க வேண்டியதில்லை, ஊராரும் அப்பொறுப்பைப் பகிரலாம் என்பதை இம்முயற்சி மெய்ப்பித்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. குருதி மிகு அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை இல்லத்தில் வழங்குதல், இயன்முறை மருத்துவம், தணிப்புப் பராமரிப்பு ஆகியன இதன் கூறுகள். ஊரைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கின்றனர். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது வழங்கியது.

இத்திட்டத்தின் வரலாற்று முதன்மை மாத்திரை வழங்கலில் மட்டும் இல்லை. பேசாத முதியவரின் வாசலில் ஒருவர் முறையாக வந்து நிற்கிறார் என்பதில் உள்ளது. வந்து நிற்பவர் காலின் வீக்கத்தைக் காண்கிறார். உண்ணாமல் சேர்ந்துவிட்ட மாத்திரைகளைக் காண்கிறார். எடின்பரோவில் அறியப்படாமல் இருந்த குறைகள் அறியப்படுவதற்கு இத்தகைய வருகையே வாயில்.

ஆயினும் வருகை சில நிமிடங்களே. எஞ்சிய பொழுது முழுதும் இல்லத்தாருடையது. 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, குழந்தைகளையும் முதியோரையும் உள்ளிட்ட இல்லத்தாரை ஊதியமின்றிப் பேணும் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டனர். ஈடுபட்டோரின் அளவும் வேறுபட்டது: பெண்களுள் 27.6 விழுக்காட்டினரும் ஆண்களுள் 14 விழுக்காட்டினருமே இப்பணியில் பங்கேற்றனர். திருமுக்கூடற் கல்வெட்டில் நெல்லளந்து மதிக்கப்பட்ட உழைப்பு, இல்லத்துள் நிகழும்போது நேரக் கணக்கில் மட்டுமே புலப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வருவன பெறப்படுகின்றன. முதுமையின் நாட்பட்ட நோய் இல்லத்துள் கழிவது என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். அது பேணுபவரின் வறுமையோடு பிணைந்தது என்பதையும் உணர்ந்திருந்தனர். குறள் அருகிருப்பவரை மருத்துவத்தின் உறுப்பாக்கிற்று. சோழர் கால ஆதுலர்சாலை அவ்வுறுப்புக்கு ஊதியம் அளித்தது. ஆனால் இல்லத்தை எட்டவில்லை. தற்கால மருத்துவமனைகள் மருத்துவரையும் மருந்தையும் வளர்த்தன. அருகிருத்தலைக் குடும்பத்தின் கடமையாக விட்டன. 1948இலும் 1964இலும் நிகழ்ந்த கள ஆய்வுகள் முதியவரின் கூறப்படாத நோயையும் பேணுபவரின் கூறப்படாத உழைப்பையும் வெளிக்கொணர்ந்தன. தமிழ்நாட்டில் 1978 முதல் முதியோர் மருத்துவம் தனித்துறையாகவும், 2021 முதல் இல்லம் தேடும் மருத்துவம் அரசுத் திட்டமாகவும் வளர்ந்துள்ளன.

உழைச்செல்வான் என்னும் சொல் இலக்கண நிலையில் ஆண்பால். வரலாற்றில் அப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் பெண்கள். திருமுக்கூடலில் இருவர், உல்வர்ஹாம்ப்டனில் மனைவியரும் மகளிரும், இன்று ஊர்தோறும் செல்லும் தன்னார்வலர் எனச் சான்றுகள் இதனையே காட்டுகின்றன. முற்றம் கடக்க இயலாத முதியவரின் நோயை அளக்க இன்று கருவிகள் உள்ளன. அவர் அருகில் இருப்பவருக்குப் பயிற்சியும், மாற்றாளும், ஓய்வும், ஊதியமும் அளிப்பதே இந்நான்காம் உறுப்பின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பகுதியாக உள்ளது.